எந்தச் சுற்றில் ஓடுகிறது இந்த வரி?

ஐஃபோன் செயலி எழுத வேலைக்கு வரும் இளைஞர்களிடம் நேர்காணலில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு ஃபங்ஷனுக்குள் மூன்று வரிகள். முதல் வரி லாகில் 'அ' என்று எழுதுகிறது. இரண்டாவது வரி ஒரு நோட்டிஃபிகேஷனை போஸ்ட் செய்கிறது. மூன்றாவது வரி 'ஆ' என்று எழுதுகிறது. அந்த நோட்டிஃபிகேஷனுக்காகப் பதிவு செய்துவைத்த அப்சர்வர் வேறொரு கோப்பில் இருக்கிறது. அது 'இ' என்று எழுதும். லாகில் எழுத்துகள் எந்த வரிசையில் வரும்? பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் அ, ஆ, இ என்கிறார்கள். சரியான விடை அ, இ, ஆ.

பூட்டிய திரையில் மணியடித்து வந்து நிற்கும் அறிவிப்பைப் பற்றி நான் பேசவில்லை. செயலியின் உள்ளே ஒரு பகுதி இன்னொரு பகுதிக்கு 'இது நடந்துவிட்டது' என்று சொல்லும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். ஆப்பிள் நூலகத்தில் அதன் பெயர் நோட்டிஃபிகேஷன் சென்டர். பாடங்களில் அதற்குப் படம் போடும்போது நடுவில் ஒரு வட்டம், ஒரு பக்கம் அனுப்புபவர், மறுபக்கம் கேட்பவர்கள், இடையில் அம்புக்குறிகள் என்று போட்டுவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு, அனுப்பியவர் வட்டத்தில் போட்டுவிட்டுத் தன் வழியே போய்விடுவார், வட்டம் தன் சௌகரியப்படி பிறகு கொண்டுசேர்க்கும் என்றுதான் தோன்றும்.

நடப்பது வேறு. கல்யாண வீட்டுக்காரர் நேரில் பத்திரிகை வைக்கப் போவது போன்றது அது. ஒவ்வொரு வீடாக அவரே ஏறி, உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்து, விடைபெற்றுத்தான் அடுத்த வீட்டுக்குப் போக முடியும். கடைசி வீட்டுப் படி இறங்கும்வரை அவருடைய மற்ற வேலை எதுவும் நகராது. போஸ்ட் என்ற அழைப்பும் பதிவு செய்துகொண்ட அப்சர்வர்களை ஒன்றன்பின் ஒன்றாக, போஸ்ட் செய்தவரின் த்ரெட்டிலேயே, அதே ஸ்டாக்கின் மேலேயே கூப்பிட்டு முடித்துவிட்டுத்தான் திரும்பி வருகிறது. அப்சர்வர் கால் நொடி எடுத்தால் போஸ்ட் செய்தவருக்கும் கால் நொடி போயிற்று. எந்த அப்சர்வர் முதலில் கூப்பிடப்படும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

அப்படியானால், வரும் வேலைகளை முறைப்படி எடுத்துச் செய்துகொண்டு சுற்றும் ரன் லூப் எங்கே வருகிறது? இந்தத் தொழிலில் எனக்கு வாய்த்த கடினமான பிழைகளில் பெரும்பகுதி, இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் வந்தவை. நோட்டிஃபிகேஷன் சென்டருக்கு ரன் லூப்பைப் பற்றி எதுவுமே தெரியாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள எல்லாமே, தொடுதல், டைமர், திரை வரைதல், நெட்வொர்க் பதில் எல்லாமே, ரன் லூப்பின் தயவில் இருக்கின்றன. ஒன்று உடனடியாக நடப்பது, மற்றது முறை வரும்போது நடப்பது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் விபத்து.

ரன் லூப் என்பது த்ரெட்டுக்கு ஒன்று. மெயின் த்ரெட்டில் செயலி தொடங்கியதும் சுற்ற ஆரம்பித்து, செயலி சாகும்வரை சுற்றுகிறது. ஒரு சுற்றில் நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி இருக்கும். டைமர்களைப் பார்க்கப் போகிறேன் என்று தன்னைக் கவனிப்பவர்களுக்குச் சொல்கிறது. வேலை வந்து சேரும் மற்ற மூலங்களைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்கிறது. நிரலே கைதூக்கி 'தயார்' என்று குறித்துவைத்த மூலங்களைக் கவனிக்கிறது. வேறு ஏதாவது ஏற்கெனவே வந்து நிற்கிறதா என்று பார்க்கிறது. ஒன்றும் இல்லையென்றால் 'தூங்கப் போகிறேன்' என்று அறிவித்துவிட்டு, மாக் போர்ட் வழியாகக் கெர்னலிடம் தன்னை ஒப்படைத்துத் தூங்குகிறது. இது உண்மையான தூக்கம். ப்ராசசர் அதற்காக ஒரு துளியும் செலவாகாது. பாட்டரி நாள் முழுதும் தாங்குவதில் இந்தத் தூக்கத்துக்குப் பெரிய பங்குண்டு. யாராவது தட்டினால் எழுகிறது, 'எழுந்துவிட்டேன்' என்று அறிவிக்கிறது, எழுப்பியவரின் வேலையைச் செய்கிறது, மறுபடி முதலிலிருந்து.

இந்த ஏற்பாடு ஐஃபோனோடு பிறந்ததல்ல. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளைவிட்டு விலகி 1985-இல் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் வழி வந்தது. 1994-இல் வெளியான ஓப்பன்ஸ்டெப் வரையறையிலேயே என்எஸ்ரன்லூப், என்எஸ்நோட்டிஃபிகேஷன்சென்டர், என்எஸ்நோட்டிஃபிகேஷன்க்யூ மூன்றும் இருக்கின்றன. ஆப்பிள் 1996 டிசம்பரில் நெக்ஸ்டை வாங்குவதாக அறிவித்தது. அந்த நூலகம் மேக்குக்கும் அங்கிருந்து ஐஃபோனுக்கும் வந்து சேர்ந்தது. மவுசை மனதில் வைத்து வகுத்த சுற்றுதான் இன்று விரலுக்கும் பதில் சொல்கிறது. இவ்வளவு காலம் தாங்கிய வடிவமைப்பின்மேல் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு.

பஸ் டிக்கெட் பதிவு செய்யும் ஒரு செயலியில் நடந்ததைச் சொல்கிறேன். இருக்கையைத் தேர்ந்தெடுத்தால் பணம் கட்டச் சில நிமிடம் அவகாசம். மேலே ஒரு கடிகாரம் நொடி நொடியாகக் குறையும். சோதனைப் பிரிவிலிருந்த பெண் ஒருநாள் ஃபோனோடு வந்து நின்றார்.

"சார், இந்தக் கடிகாரம் சும்மா மேசையில வச்சா ஒழுங்கா ஓடுது. கீழ இருக்கற விதிமுறையப் படிக்கலாம்னு விரலை வச்சு நகர்த்தினா நின்னுடுது."

"விரலை எடுத்தா?"

"மறுபடி ஓடுது சார். ஆனா நின்ன நேரத்தைக் கணக்குல சேர்க்க மாட்டேங்குது. சர்வர்ல நேரம் முடிஞ்சுபோச்சு, இங்க இன்னும் நாப்பது செகண்ட் காட்டுது."

எழுதிய தம்பி டைமரில்தான் கோளாறு என்று உறுதியாக நம்பினார். டைமர் சரியாகத்தான் இருந்தது. ரன் லூப் எப்போதும் ஏதோ ஒரு மோடில்தான் சுற்றும். அந்த மோடில் பதிவான மூலங்களையும் டைமர்களையும் மட்டுமே அது கவனிக்கும். சாதாரண நேரத்தில் டீஃபால்ட் மோடு. விரல் ஒரு பட்டியலை இழுக்க ஆரம்பித்ததும் யூஐகிட் அதே லூப்பை ட்ராக்கிங் மோடில் சுற்றவிடுகிறது. விரலின் அசைவுக்குத் திரை பிசகாமல் ஈடுகொடுக்க வேண்டும் என்பதற்காக வேண்டாத வேலைகளை வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கிற ஏற்பாடு அது. வழக்கமான முறையில் உருவாக்கும் டைமர் டீஃபால்ட் மோடில் மட்டும் பதிவாகிறது. ஆகவே விரல் இருக்கும்வரை அது கவனிக்கப்படாது. தவறிய தட்டல்களை டைமர் பிறகு மொத்தமாகத் தட்டி ஈடுகட்டுவதும் இல்லை. எத்தனை தவறினாலும் ஒருமுறைதான் தட்டும்.

டைமரைக் காமன் மோடுகளில் பதிவு செய்தால் நின்றுபோவது தீரும். காமன் என்பது தனி மோடு அல்ல, சில மோடுகளுக்குச் சேர்த்து ஒட்டிய அடையாளம். மெயின் த்ரெட்டில் டீஃபால்டும் ட்ராக்கிங்கும் அதற்குள் அடக்கம். பலர் இந்த ஒரு வரி மாற்றத்தோடு கோப்பை மூடிவிடுகிறார்கள். என் கருத்தில் அது பாதித் திருத்தம். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு நொடி கழிப்பது என்ற கணக்கே தவறு. முடியும் நேரத்தை ஒருமுறை குறித்துவைத்து, ஒவ்வொரு தட்டலிலும் இப்போதைய நேரத்தோடு ஒப்பிட்டு மீதியைக் காட்ட வேண்டும். டைமருக்குத் திரையைப் புதுப்பிக்க நினைவூட்டும் வேலை மட்டும் போதும், காலத்தை எண்ணும் பொறுப்பை அதனிடம் தரக்கூடாது.

அதே மோடு ஏற்பாட்டை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். பழைய ஃபோன்களில் படங்கள் நிறைந்த நீண்ட பட்டியலை வேகமாகத் தள்ளும்போது திக்கித் திக்கி நகரும். வந்துசேர்ந்த படத்தைத் திரையில் வைக்கும் அந்த ஒரு அழைப்பை மட்டும் டீஃபால்ட் மோடில் காத்திருக்கவிட்டோம். விரல் இருக்கும்வரை படம் ஏறாது. பட்டியல் நின்ற கணத்தில் லூப் டீஃபால்டுக்குத் திரும்பும், படங்கள் வந்து உட்காரும். அந்தக் காலத்தில் இந்த உத்தி தெரிந்தவர்களின் செயலிகளைப் பட்டியலைத் தள்ளிப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

2019-இல் கம்பைன் என்ற ஆப்பிள் நூலகம் வந்த பிறகு இதே பிரச்சினை புது வேடத்தில் வந்தது. நோட்டிஃபிகேஷனைக் கம்பைன் வழியாகப் பெற்று 'மெயின் ரன் லூப்பில் கொடு' என்று எழுதுகிறார்கள். வேறு சிலர் 'மெயின் டிஸ்பாட்ச் க்யூவில் கொடு' என்று எழுதுகிறார்கள். படிக்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். முதலாவது டீஃபால்ட் மோடில் மட்டும் கொடுக்கும், பட்டியல் நகரும்போது கொடுக்காது. இரண்டாவது காமன் மோடுகள் எல்லாவற்றிலும் கவனிக்கப்படுவதால் விரல் இருந்தாலும் கொடுக்கும். இந்த வேறுபாடு கண்ணில் படாமல் மதிப்பாய்வுகளைத் தாண்டிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி த்ரெட். போஸ்ட் செய்தவரின் த்ரெட்டிலேயே அப்சர்வர் ஓடும் என்றேன். தரவிறக்கம் செய்யும் பகுதி பின்னணி த்ரெட்டில் வேலையை முடித்து அங்கிருந்தே 'முடிந்தது' என்று போஸ்ட் செய்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் திரை அதே த்ரெட்டில் எழுப்பப்பட்டு, லேபிளில் 'முடிந்தது' என்று எழுதுகிறது. நிரல் வெடிப்பதில்லை. லேபிள் மாறுகிறது, ஆனால் பல நொடி கழித்து. சில சமயம் பயனர் திரையைத் தொட்டதும் மாறுகிறது. 'ஆப்பிள் ஃபோன் மெதுவாக இருக்கிறது' என்று வாடிக்கையாளர் எழுதிய புகாரையும் படித்திருக்கிறேன்.

இந்தத் தாமதத்தின் காரணம் ரன் லூப்பில் இருக்கிறது. லேபிளை மாற்றியதும் திரை மாறிவிடாது. மாற்றங்கள் கோர் அனிமேஷனின் ட்ரான்சாக்ஷன் ஒன்றில் குவிகின்றன. அந்த ட்ரான்சாக்ஷன், மாற்றம் செய்த த்ரெட்டின் ரன் லூப் தன் சுற்றை முடிக்கும்போது ஒப்படைக்கப்படுகிறது. மெயின் த்ரெட்டில் லூப் ஓயாமல் சுற்றுவதால் நமக்கு அது உடனே நடப்பதாகத் தெரிகிறது. பின்னணி த்ரெட்டின் லூப், நாமாகச் சுற்றவிடாத வரை சுற்றாது. ஒப்படைப்பு எப்போது நடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பின்னணியிலிருந்து திரையைத் தொடுவதே தடைசெய்யப்பட்ட காரியம். 2017-இல் எக்ஸ்கோட் 9-உடன் வந்த மெயின் த்ரெட் செக்கர் இதைக் கையும் களவுமாகப் பிடிக்கிறது. அதற்கு முன்பு நாங்கள் ஒவ்வொரு அப்சர்வரின் முதல் வரியிலும் 'இது மெயின் த்ரெட்தானா' என்று கேட்கும் சோதனையை வைத்திருந்தோம். இன்றும் அதை நான் நீக்கச் சொல்வதில்லை.

திரை சுற்றின் கடைசியில்தான் வரையப்படும் என்பது இன்னொரு பழைய புதிருக்கும் விடை. பொத்தானைத் தட்டினால் 'சற்றுப் பொறுங்கள்' என்று காட்டி, உடனே கனமான கணக்கு ஒன்றைச் செய்து, முடிந்ததும் அதை மறைக்கும் நிரல். பயனருக்கு அந்தச் சொற்கள் தெரிவதே இல்லை. காட்டுவதும் மறைப்பதும் ஒரே சுற்றுக்குள் நடந்துவிட்டன. லூப் தூங்கப் போகும்போது பார்த்தால் மாற்றமே இல்லை. இதற்குத் தீர்வாக, கனமான கணக்கை மெயின் க்யூவில் அசிங்க்காகப் போடுங்கள், அடுத்த சுற்றில் ஓடும், அதற்குள் திரை வரையப்பட்டுவிடும் என்பார்கள். இதை நம்ப வேண்டாம். ஆப்பிள் வெளியிட்டுள்ள கோர்ஃபவுண்டேஷன் மூல நிரலில் ரன் லூப் தூங்கப் போவதற்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. மெயின் க்யூவில் ஏதாவது காத்திருந்தால், 'தூங்கப் போகிறேன்' என்ற அறிவிப்பையும் தூக்கத்தையும் தாண்டிக் குதித்து நேரே அந்த வேலையைச் செய்யப் போய்விடும். வரைதல் அந்த அறிவிப்பில் தொங்கிக்கொண்டிருந்தால், கணக்கு முதலில் ஓடும், திரை பிறகுதான். ஆகவே கனமான கணக்குக்கு மெயின் த்ரெட்டில் இடமே தரக்கூடாது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு 16.67 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். 120 முறை என்றால் 8.33. அப்சர்வர்கள் அத்தனையும் அந்தப் பணப்பைக்குள்தான் செலவழிக்க வேண்டும்.

சரக்குக் கிடங்கு ஒன்றின் இருப்பைக் காட்டும் செயலியில் நோட்டிஃபிகேஷன் க்யூவின் அருமை விளங்கியது. காலையில் சர்வரிலிருந்து ஆயிரக்கணக்கில் பொருள்களின் விவரம் வந்து இறங்கும். ஒவ்வொரு பொருள் மாறும்போதும் ஒரு நோட்டிஃபிகேஷன், ஒவ்வொன்றுக்கும் பட்டியல் முழுவதும் மறுபடி கட்டப்படும். எல்லாமே உடனடி அழைப்பு. செயலி உறைந்து நிற்கும். கிடங்குக் கண்காணிப்பாளர் ஃபோனை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஆயிரம் மாற்றம் நடந்தாலும் திரைக்குத் தெரிய வேண்டியது 'ஏதோ மாறியது' என்ற ஒரே செய்திதான். நோட்டிஃபிகேஷன் க்யூ அதற்காகவே இருக்கிறது. சென்டரிடம் நேரே போகாமல் க்யூவில் வைத்தால், ரன் லூப்பின் நடப்புச் சுற்று முடிந்ததும் கொடு என்றோ, லூப் சும்மா இருக்கும்போது கொடு என்றோ சொல்லலாம். ஒரே பெயரிலோ ஒரே அனுப்புநரிடமிருந்தோ வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடவும் சொல்லலாம். ஆயிரம் ஒன்றாயிற்று. உறைதல் நின்றது. கிடங்கிலிருந்து புகார் வருவதும் நின்றது.

ஆப்பிள் எழுதிய நூலகங்களும் இதே வழியில்தான் நடக்கின்றன. கோர் டேட்டாவில் ஒரு பொருளின் பத்துப் பண்புகளை மாற்றினாலும், மெயின் க்யூவின் கான்டெக்ஸ்ட் அவற்றைச் சேர்த்துவைத்து, நிகழ்வுச் சுற்றின் முடிவில்தான் 'பொருள்கள் மாறின' என்று அறிவிக்கிறது. அன்டூ மேனேஜர் ஒரு சுற்றுக்குள் நடந்த மாற்றங்களை ஒரே செயலாகக் கட்டிவைக்கிறது. ஒரு சுற்று என்பது பயனரின் ஒரு செயல் என்ற எண்ணம் அந்த வடிவமைப்பின் அடியில் இருக்கிறது. பயனர் ஒருமுறை தட்டினார், அதை ஒருமுறை திரும்பப் பெற முடிகிறது. பொறியியலில் இவ்வளவு மென்மையான யோசனையை நான் அதிகம் பார்த்ததில்லை.

க்யூவுக்கும் நிபந்தனைகள் உண்டு. மோடு எதையும் சொல்லாவிட்டால் அது டீஃபால்ட் மோடில்தான் கொடுக்கும். பட்டியலைத் தள்ளிக்கொண்டே இருந்தால் செய்தி காத்திருக்கும். இதைவிட ஆபத்தானது த்ரெட். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி க்யூ, அந்தந்த த்ரெட்டின் ரன் லூப்தான் அதை நடத்த வேண்டும். வேறொரு குழுவின் செயலியைச் சரிபார்க்கப் போயிருந்தபோது, டிஸ்பாட்ச் க்யூவின் பின்னணி வேலைக்குள்ளிருந்து நோட்டிஃபிகேஷன் க்யூவில் வைத்திருந்ததைப் பார்த்தேன். அங்கே த்ரெட் இருக்கிறது, க்யூ இருக்கிறது, சுற்றும் லூப் இல்லை. வேலை முடிந்ததும் த்ரெட் கலைந்துவிடும், வைத்த செய்தி யாருக்கும் போய்ச் சேராது. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. 'சில நேரம் வருது, சில நேரம் வரல' என்று மாதக்கணக்கில் அவர்கள் அதோடு வாழ்ந்திருந்தார்கள். தாமதமாகக் கூப்பிடச் சொல்லும் பழைய பெர்ஃபார்ம் செலக்டர் அழைப்பும் பின்னணி த்ரெட்டில் இப்படித்தான் சத்தமில்லாமல் தொலையும். அதன் அடியில் இருப்பதும் அந்த த்ரெட்டின் ரன் லூப்பில் பதிவான ஒரு டைமர்தான்.

பின்னணி த்ரெட்டில் லூப்பைச் சுற்றவைக்கவும் வழி உண்டு. கவனிக்க ஒரு மூலமோ டைமரோ இல்லையென்றால் லூப் உடனே வெளியேறிவிடும். ஆகவே எதற்கும் பயன்படாத ஒரு மாக் போர்ட்டைப் போட்டு உயிரோடு வைத்திருப்பார்கள். ஏஎஃப்நெட்வொர்க்கிங் நூலகத்தின் பழைய பதிப்புகள் நெட்வொர்க் பதில்களுக்கென ஒரு த்ரெட்டை இப்படித்தான் வைத்திருந்தன. அந்தச் சில வரிகளைப் படித்தபோதுதான் ரன் லூப் எனக்கு முழுதாகப் பிடிபட்டது. இன்று புது நிரலில் இதற்குத் தேவை ஏற்படுவது அரிது.

இவ்வளவையும் கேட்டவர்கள், 'எல்லா நோட்டிஃபிகேஷனையும் அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிட்டால் வம்பே இல்லையே' என்பார்கள். வங்கிச் செயலி ஒன்றில் அப்படித்தான் செய்திருந்தார்கள். செயலியைவிட்டு வெளியேறும்போது, சமீபத்தில் திறந்த செயலிகளின் வரிசையில் காட்டுவதற்காக ஐஓஎஸ் திரையைப் படம் பிடித்துக்கொள்கிறது. கணக்கிலுள்ள தொகை அந்தப் படத்தில் தெரியக்கூடாது. அதற்காக, பின்னணிக்குப் போய்விட்டது என்ற நோட்டிஃபிகேஷன் வந்ததும் ஒரு மறைப்பைப் போடுவது வழக்கம். அந்த அப்சர்வர்கள் திரும்பிய பிறகுதான் படம் எடுக்கப்படுகிறது. உடனடி அழைப்பு என்பதால்தான் இந்த ஏற்பாடே வேலை செய்கிறது. அங்கே ஒருவர் 'பாதுகாப்பாக இருக்கட்டும்' என்று மறைப்பு போடும் வரியை மெயின் க்யூவில் அசிங்க்காக மாற்றியிருந்தார். அப்சர்வர் உடனே திரும்பியது, மறைப்பு அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்தது, படத்தில் தொகை பளிச்சென்று இருந்தது. எல்லா ஃபோனிலும் எப்போதும் நடக்கவில்லை என்பது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. அசிங்க் என்ற சொல்லை நீக்கியதோடு தீர்ந்தது.

'நடக்கப்போகிறது' என்று சொல்லும் நோட்டிஃபிகேஷன்களை அடுத்த சுற்றில் கேட்பதில் பயனில்லை. அது நடந்து முடிந்திருக்கும். 2021-இல் நோட்டிஃபிகேஷன்களை அவெய்ட் போட்டு ஒரு வரிசையாகப் பெறும் வசதி வந்தபோது இந்தத் தவறு பெருகியது. எழுத மிக அழகாக இருக்கும். ஆனால் போஸ்ட் செய்தவர் காத்திருக்க மாட்டார், நம் வரி பிறகொரு சமயத்தில் ஓடும். 2025-இல் வந்த ஸ்விஃப்ட் 6.2-இல் இதற்கு நியாயமான விடை கொடுத்திருக்கிறார்கள். மெயின் ஆக்டரில் உடனடியாகச் சேரும் செய்தி ஒரு வகை, பிறகு சேரும் செய்தி இன்னொரு வகை. எது எந்த வகை என்பதை டைப்பிலேயே எழுதிவிட வேண்டும். ஆவணத்தில் தேடித் தெரிந்துகொண்டதை இனி கம்பைலர் கேட்கும். நான் நெடுநாளாக விரும்பிய மாற்றம் இது.

சோதனை நிரல்களிலும் இதே கதை. நோட்டிஃபிகேஷன் வருகிறதா என்று பார்க்க ஒரு செமஃபோர் வைத்து மெயின் த்ரெட்டை நிறுத்திவிடுகிறார்கள். வரவேண்டிய செய்தி மெயின் க்யூ வழியாக வர வேண்டியது. மெயின் த்ரெட்டோ நின்றுவிட்டது. இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும். எக்ஸ்சிடெஸ்டின் எக்ஸ்பெக்டேஷன் காத்திருக்கும்போது த்ரெட்டை முடக்காமல் ரன் லூப்பைச் சுற்றவிடுகிறது. அதனால்தான் அது தேறுகிறது.

பிழை வந்தால் முதலில் ஸ்டாக்கின் அடிப்பகுதியைப் பாருங்கள் என்று என் குழுவில் எல்லோரிடமும் சொல்வேன். பெரும்பாலோர் மேலே தங்கள் ஃபங்ஷன் பெயரைத் தேடிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கீழே, பெரிய எழுத்துகளில், அடிக்கோடுகள் சூழ, நீளமான பெயர்கள் இருக்கும். 'சிஎஃப்ரன்லூப் டைமர் கால்பேக் ஒன்றை அழைக்கிறது', 'மெயின் டிஸ்பாட்ச் க்யூவைக் கவனிக்கிறது', 'லூப்பைக் கவனிக்கும் அப்சர்வர் ஒன்றை அழைக்கிறது' என்று பொருள்படும் பெயர்கள். ரன் லூப் வெளி நிரலுக்குள் கால் வைக்கும் ஒவ்வொரு வாசலுக்கும் இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். க்ராஷ் லாக் படிப்பவருக்கு நம் வரி எந்த வாசல் வழியாக ஓடவந்தது என்பது அங்கேயே எழுதியிருக்கிறது. டைமர் வாசல் என்றால் ஒரு விசாரணை, டிஸ்பாட்ச் வாசல் என்றால் வேறு விசாரணை. அடியில் ரன் லூப்பே இல்லையென்றால் அது லூப் சுழலாத த்ரெட், அங்கே டைமரையும் நோட்டிஃபிகேஷன் க்யூவையும் எதிர்பார்க்கக் கூடாது.

என்னிடம் வேலைக்குச் சேருபவர்களுக்கு முதல் வாரத்தில் செயலி எழுதும் வேலை தருவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் ஒவ்வொரு அப்சர்வரிலும் ஒரு ப்ரேக்பாயின்ட் வைத்து, அது எந்த த்ரெட்டில், எந்த வாசல் வழியாக, எந்த மோடில் ஓடுகிறது என்று எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். பட்டியலை ஒருமுறை விரலால் தள்ளிக்கொண்டே அதையே மறுபடி செய்யச் சொல்கிறேன். சலிப்பான வேலை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. முடித்துவிட்டு வரும்போது அவர்கள் கேட்கும் கேள்விகள் மாறியிருக்கும்.

நீங்கள் இந்தத் தொழிலில் இருந்தால் இன்னொன்றையும் செய்யுங்கள். கோர்ஃபவுண்டேஷனின் மூல நிரலை ஆப்பிள் பொதுவில் வைத்திருக்கிறது. அதில் சிஎஃப்ரன்லூப்.சி என்ற கோப்பு இருக்கிறது. சி மொழி ஓரளவு தெரிந்தால் போதும். சுற்றை நடத்தும் ஃபங்ஷனை மட்டுமாவது ஒரு மாலைப் பொழுதில் மேலிருந்து கீழ்வரை படித்துவிடுங்கள்.